சவுக்குத் தோப்பில் தொலைந்த மாமன் தோடு

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் அல்லவா? இன்றைக்கு ஒரு துப்புக் கதை. பயப்படாதீர்கள், இதில் கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ஒரு கூடாரம், ஒரு குழந்தை, மிளகளவில் இரண்டு பொன் தோடு, அவ்வளவுதான். தடயங்களையெல்லாம் ஒளிக்காமல் வழியிலேயே போட்டுக்கொண்டு போவேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சின்னபொண்ணுவுக்கு, அடுத்த வீட்டுத் தமிழ்ச்செல்வியோடு சேர்ந்து துப்பறிவதென்றால் கடையைக்கூட மறந்துவிடும். தமிழ்ச்செல்வி இருபத்தாறு வருடம் மகளிர் காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்து, வருகிறவர்கள் சொல்லும் புகாரையெல்லாம் எழுதி எழுதி ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். அந்தக் குறையைச் சின்னபொண்ணு தீர்த்துவைப்பாள்.

அன்று காலை ஏழரை மணி. தமிழ்ச்செல்வி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சின்னபொண்ணு பேப்பர் வாங்க வந்தவள் பேச உட்கார்ந்துவிட்டாள். அப்போது மெக்கானிக் தேவா வாசலில் வந்து நின்றான். இவர்கள் இரண்டு பேர் ஸ்கூட்டரையும் பழுது பார்ப்பவன் அவன்தான். எப்போதும் சிரித்த முகம். அன்றைக்கு அந்த முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"தமிழக்கா, நீங்க எப்படிக் கேட்டாலும் இதேதான் சொல்லுவேன். பொட்டியில தோடு இருந்துச்சி. என் கையால வெச்சேன்."

"மொதல்ல தண்ணி குடி தேவா. அப்புறம் அவங்க கெளம்புனதுலருந்து சொல்லு" என்றார் தமிழ்ச்செல்வி.

அவன் சொன்னது இதுதான். அவன் தங்கை கலைப்பிரியாவைக் கண்டமங்கலத்தில் விவசாயக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவள் கணவன் அரிபிரசாத்துக்குப் புதுச்சேரியில் வேலை. கூடாரம் போட்டு ஊர் ஊராகத் தங்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. பத்து மாதக் குழந்தை அஸ்வினிக்கு இரும்பை மாகாளேஸ்வரர் கோயிலில் காது குத்துவதாக இருந்தார்கள். அதோடு சேர்த்து ஒரு சுற்றுப்பயணம் என்று வாடகைக்கு வேன் எடுத்து, அப்பா ஆதிநாராயணன், அம்மா விசாலாட்சி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். விழுப்புரத்தில் சின்ன அடுப்பு வாங்கினார்கள். முதல் இரவு செஞ்சிப் பக்கம் காட்டோரத்து மாந்தோப்பில். அங்கே குரங்குகள் ரொட்டிப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய், இவர்கள் பார்க்கவே கிளையில் உட்கார்ந்து தின்றனவாம். மறுநாள் திண்டிவனம் வந்து தேவாவை ஏற்றிக்கொண்டு மரக்காணம் போனார்கள். கடலோரச் சவுக்குத் தோப்பில் இரண்டாவது இரவு.

தாய்மாமன் என்ற முறையில் தேவா தோடு கொண்டுபோயிருந்தான். தாயும் தகப்பனும் போன பிறகு தங்கையை வளர்த்தவன் அவன். அம்மா விட்டுப்போன ஒரே கம்மலை அழித்துத்தான் அந்தத் தோட்டைச் செய்திருந்தான். வேனில் ஏறியதுமே சிவப்புப் பெட்டியை எல்லோர் முன்னாலும் தங்கையிடம் கொடுத்தான். கோயிலில் நல்ல நேரத்தில் திறந்துகொள்ளலாம் என்று விசாலாட்சி சொல்ல, கலைப்பிரியா திறக்காமலே குழந்தையின் பட்டுப்பாவாடைக்கு அடியில் வைத்தாள். இன்று காலை பாவாடையை எடுக்கும்போது, சும்மா ஒரு பார்வை பார்க்கலாமே என்று திறந்தால் பெட்டி காலி. தேவா உடனே பஸ் பிடித்து இங்கே ஓடி வந்துவிட்டான்.

"கலைப்பிரியாவோட அத்தை என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் தமிழ்ச்செல்வி.

தேவா தரையைப் பார்த்தான். "பொட்டிய மட்டும் குடுத்தா சீர் செஞ்சதா ஆயிடுமா தம்பின்னாங்க. நடுக் கடற்கரையில, எல்லாரையும் வெச்சிக்கினு. கலை அழுதுக்கினே இருக்குதுக்கா. என்னைப் பொய்க்காரன்னு சொன்னா சொல்லிட்டுப் போவட்டும். அது அந்த வூட்டுல தலை நிமுந்து நடக்கணும். பதினோரு மணிக்கு மேல பன்னெண்டுக்குள்ள காது குத்து. தோடு கெடைக்கலன்னா நான் கோயிலுக்குப் போகப்போறதில்ல. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அந்தக் கொழந்தைய மடியில வாங்கறது?"

தமிழ்ச்செல்வி ஆய்ந்த கீரையை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு எழுந்தார். "சின்னபொண்ணு, வண்டியில பெட்ரோல் இருக்குதா?"

இருந்தது. இல்லாவிட்டாலும் அவள் தள்ளிக்கொண்டே போயிருப்பாள். தேவா தன் பட்டறைப் பையனின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு முன்னே போனான்.

வழியெல்லாம் சின்னபொண்ணு பின்னால் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டு வந்தாள். குரங்குதான் எடுத்திருக்கும் என்றாள். பெட்டியே மாந்தோப்பைத் தாண்டி, திண்டிவனத்தில்தானே வேனில் ஏறியது என்று தமிழ்ச்செல்வி நினைவூட்டினார். அப்படியானால் யாரோ வெளியாள் என்றாள் அவள். ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றார் இவர்.

பிறகு அவரே மெல்லச் சொன்னார். "இத்தினி வருசம் புகார் எழுதுனதுல ஒண்ணு கத்துக்கினேன் சின்னபொண்ணு. அன்னிக்கிப் புதுசா நடந்ததைத்தான் ஜனங்க சொல்லுவாங்க. தெனம் செய்யறதைச் சொல்லவே மாட்டாங்க. மறைக்கணும்னு இல்ல, அது அவங்களுக்கு ஒரு விஷயமாவே தெரியாது."

மரக்காணத்தில் உப்பளங்களைத் தாண்டித் தோப்புக்குள் நுழைந்தபோது மணி எட்டே முக்கால். நீலக் கூடாரம் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. காலுக்கடியில் வெள்ளை வெளேரென்று கடல் மணல். விசாலாட்சி மடக்கு நாற்காலியைக் கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, யாருக்கும் முகம் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். கலைப்பிரியா வேன் படியில் தூங்கும் குழந்தையோடு இருந்தாள். அரிபிரசாத் ஏற்கனவே சுற்றிய கயிற்றையே மறுபடியும் சுற்றிக்கொண்டிருந்தான்.

"போலீசா?" என்றார் விசாலாட்சி திரும்பாமல்.

"ரிட்டயர்டுங்க. ஒரு டீ குடுத்தா போதும்."

விசாலாட்சிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். ஆனால் டீ வந்தது.

ஆதிநாராயணன் எங்கே என்று சின்னபொண்ணு கேட்டாள். அவர் விடியற்காலை முதல் பஸ்ஸிலேயே இரும்பைக்குப் போய்விட்டாராம். அபிஷேகத்துக்குக் குருக்களிடம் சொல்ல வேண்டும், காது குத்த, நகை செய்யும் பத்தரை அழைத்து வர வேண்டும். செல்போனை வேனில் சார்ஜில் போட்டவர் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். தோடு தொலைந்த சேதியே இன்னும் அவருக்குத் தெரியாது.

தமிழ்ச்செல்வி பெட்டியைக் கேட்டு வாங்கினார். உள்ளங்கையில் அடங்கும் சிவப்புப் பெட்டி. சுற்றியிருந்த ரப்பர் பேண்டைக் கலைப்பிரியா தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

"நீ தெறக்கும்போது இது எப்படி இருந்துச்சிம்மா?"

"ரெண்டு சுத்துப் போட்டு டைட்டா இருந்துச்சிங்க. பாவாடைக்கு அடியில, நான் வெச்ச எடத்துலயேதான் இருந்துச்சி. அதான் எங்க அத்தை..."

தோட்டை ரோஸ் காகிதத்தில் மடித்து வைத்திருந்ததாகத் தேவா சொன்னான். அந்தக் காகிதமும் பெட்டியில் இல்லை. மூடியின் உட்புறத்தில், பெருவிரல் பட்ட இடம்போல மங்கலாய்ச் செம்மண் ஈஷியிருந்தது. தமிழ்ச்செல்வி அதைச் சின்னபொண்ணுவுக்குக் காட்டிவிட்டுப் பெட்டியை மூடினார்.

அதற்குள் சின்னபொண்ணு இன்னொன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். அரிபிரசாத்தின் செருப்பு இரண்டும் களிமண் அப்பிக் கிடந்தன. உப்பளத்துச் சேறு. அவள் தமிழ்ச்செல்வியின் காதில், மாப்பிள்ளை விடியற்காலையில் உப்பளத்துப் பக்கம் எதையோ புதைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். தமிழ்ச்செல்வி அவனிடமே கேட்டார். சூரியன் உதிப்பதை வீடியோ எடுக்க வரப்பின்மேல் ஏறினேன் என்று சொல்லி, அவன் வெட்கத்தோடு செல்போனை நீட்டினான்.

சின்னபொண்ணு அந்த வீடியோவை மூக்கு உரச உரசப் பார்த்தாள். உப்புப் பாத்திகளில் சிவந்த வானம். தூரத்தில் மீனவர் குப்பத்து வலைகள். ஓரத்தில் சின்ன உருவமாக விசாலாட்சி, வலது கையில் ஒரு எவர்சில்வர் தூக்கோடு குப்பத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். உடம்பு ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருக்க, இடது கையை நீட்டி நீட்டி நடந்தார்.

"இது என்ன தூக்குங்க?" என்று தமிழ்ச்செல்வி விசாலாட்சியைக் கேட்டார்.

நேற்று மாலை பக்கத்துக் குப்பத்திலிருந்து குப்பம்மாள் என்ற அம்மாள், கைக்குழந்தையோடு மணலில் தங்கியிருக்கிறார்களே என்று மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாராம். காலையில் அந்தத் தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்ததாக விசாலாட்சி சொன்னார். சொல்லிவிட்டு, அடக்கிவைத்திருந்தது தாங்காமல் கொட்டிவிட்டார்.

"எல்லாம் இந்தக் கேம்பிங்கால வந்த பேஜாருங்க. எங்க வூட்டுல புதுப் பொன்னு வந்தா மொத நாள் சாயங்காலம் வெளக்கு வெச்சதும் எங்க வூட்டுக்காரரு அதை நெல்லு மரக்கால்ல புதைச்சி வெப்பாரு. வாயத் தொறக்காம வெக்கணும், விடிஞ்சிதான் எடுக்கணும். வெளைஞ்சது நடுவுல இருந்து எடுத்துப் போட்டாத்தான் புள்ளைக்குப் பெருகும். இவளுக்குத் தாலிகூட அப்படித்தான். வூட்டுல இருந்திருந்தா தோடு இருக்குதா இல்லியான்னு நேத்தே தெரிஞ்சிருக்கும். இங்க நெல்லுக்கு எங்க போறது, மரக்காலுக்கு எங்க போறது?"

சின்னபொண்ணுவுக்குப் பசி. காலையில் சாப்பிடாமல் கிளம்பியவள். வேனில் ஒரு கல்யாண மஞ்சப்பை தொங்குவதைப் பார்த்து, மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வாசம் வருகிறதே என்று உள்ளே கைவிட்டாள். ஒன்றுகூட இல்லை. கை நிறையச் செம்மண் தூசிதான் வந்தது. நம் வயலில் பிடுங்கி மண்கூட உதறாமல் எடுத்து வந்தது, நேற்று மாலை முக்கால் பை இருந்ததே என்று கலைப்பிரியா சொன்னாள். சின்னபொண்ணு கையைத் தட்டிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

தமிழ்ச்செல்வி அந்தத் தூசி மணலில் விழுவதைப் பார்த்தார். டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு எல்லோரையும் தார்ப்பாயில் வந்து உட்காரச் சொன்னார். தள்ளி நின்ற தேவாவையும் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"திருடுறவன் பொட்டியோட எடுத்துக்கினு போவான். இல்ல, அவசரத்துல தோட்டை எடுத்துக்கினு மத்ததை வீசிட்டுப் போவான். இங்க காகிதத்தோட தோடு போயிருக்குது. வெறும் பொட்டிக்கு ரப்பர் பேண்டை ரெண்டு சுத்து சுத்தி, பாவாடைக்கு அடியில பழையபடி வெச்சிருக்குது. இது திரும்ப அதுலயே வெக்கணும்னு நெனைச்சிக்கினு எடுத்த கை. அப்ப தேவாவும் பொய் சொல்லல, வெளியாளும் வரல."

"அப்ப எங்க வூட்டாளுங்களையா சொல்றீங்க?" விசாலாட்சியின் குரல் ஏறியது.

"ஆமாங்க. ஆனா திருடுன கையின்னு சொல்லல." தமிழ்ச்செல்வி பெட்டியைத் திறந்து மூடியைக் காட்டினார். "இது செம்மண்ணு. இந்தக் கடற்கரையில எங்க பாத்தாலும் வெள்ளை மணலு, அந்தாண்ட உப்பளத்துக் களி. செம்மண்ணு இந்தத் தோப்புல ஒரே எடத்துலதான் இருக்குது."

சின்னபொண்ணு தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் இன்னும் சிவப்பு ஒட்டியிருந்தது. "மல்லாட்டைப் பையி" என்றாள்.

"நெல்லு இல்ல, மரக்காலு இல்ல. ஆனா உங்க சொந்த வயல்ல வெளைஞ்சது ஒண்ணு வேன்ல இருந்துச்சி. நேத்து சாயங்காலம் உங்க வூட்டுக்காரரு வழக்கத்தை விடக் கூடாதுன்னு நெனைச்சிருப்பாரு. பொட்டியத் தெறந்து, காகிதத்தோட எடுத்து, மல்லாட்டை நடுவுல வெச்சிட்டு வந்து பொட்டிய மூடியிருக்காரு. பையில விட்ட கைதானே மூடியையும் தொட்டுச்சி? வாயத் தொறக்காம வெக்கணும்னு நீங்களே சொன்னீங்க. காலையில அவருக்குப் பஸ்ஸு, உங்களுக்கெல்லாம் தூக்கம்."

அரிபிரசாத் துள்ளி எழுந்து பையைப் பிடுங்கித் தலைகீழாக உதறினான். தூசிதான் விழுந்தது. கலைப்பிரியாவின் முகம் மலர்ந்த வேகத்திலேயே வாடியது.

"பை காலிதாம்மா. அதுல இருந்தது எங்க போச்சு, அதுதான் மீதி" என்ற தமிழ்ச்செல்வி, விசாலாட்சி பக்கம் திரும்பினார். "காலையில தூக்கைக் கழுவிக் குடுத்தேன்னீங்க. ஆனா வீடியோல நீங்க ஒரு பக்கமா சாஞ்சி நடக்கிறீங்க. வெறும் தூக்காவா குடுத்தீங்க?"

விசாலாட்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "வெறும் தூக்கை யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா? குழம்பு குடுத்தவங்களுக்கு ஒண்ணும் போடாம குடுக்கறதுக்கு நாங்க என்ன அப்படிப்பட்ட குடும்பமா? மல்லாட்டைய ரொப்பித்தான்..."

அதோடு நின்றுவிட்டார். கை தானாக வாய்க்குப் போனது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க" என்றாள் சின்னபொண்ணு.

"இதையெல்லாமா ஒருத்தர்கிட்டச் சொல்லுவாங்க?" என்றார் விசாலாட்சி சின்னக் குரலில். "பாத்திரத்துல எதையாச்சும் போட்டுக் குடுக்கறது ஒரு சேதியா?"

குப்பத்துக்கு எல்லோரும் நடந்தே போனார்கள். நடந்தார்கள் என்பதைவிட ஓடினார்கள் என்று சொல்லலாம். குழந்தைகூட விழித்துக்கொண்டு, தன்னை யாரோ விளையாட்டுக் காட்டித் தூக்கிக்கொண்டு ஓடுவதாக நினைத்துச் சிரித்தது. தேவா மட்டும் பின்னாலேயே வந்தான். நடுவில் மல்லாட்டையை யாராவது உடைத்துத் தின்று, காகிதத்தைக் குப்பையென்று கடலோரம் வீசியிருந்தால்? அந்த நினைப்பு அவன் காலைப் பிடித்து இழுத்தது. சின்னபொண்ணுவுக்கும் அதே பயம். ஆனால் முதல்முறையாக அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

குப்பம்மாள் வீட்டு வாசலில் மீன் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். கரையில் ஏலம் எடுத்து இப்போதுதான் வருகிறாராம். மூச்சு வாங்க வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்து அவர் பதறிவிட்டார்.

"இன்னா அண்ணி, கொழம்பு ஒத்துக்கலியா?"

"கொழம்பு அமிர்தம். நான் குடுத்த மல்லாட்டை எங்க?"

"நான் இன்னும் தொடவே இல்லியே. கையெல்லாம் கவுச்சி. குளிச்சிட்டு வந்து அவிக்கலாம்னு ஆணியில மாட்டிட்டுப் போனேன்."

தூக்கு ஆணியில்தான் தொங்கியது. குப்பம்மாள் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, முறத்தில் கவிழ்த்தார். மல்லாட்டை கலகலவென்று பரவியது. விசாலாட்சி தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் விலக்கினார். கடைசி அடுக்கில், செம்மண் தூசி படிந்து, ரோஸ் காகிதம் ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது.

அவர் அதை எடுத்து நேராகத் தேவாவிடம் நீட்டினார். தேவா வாங்கவில்லை.

"நீங்களே பிரிங்க அத்தை."

விசாலாட்சி பிரித்தார். இரண்டு தோடும் வெயிலில் மினுக்கென்றன. கலைப்பிரியா அண்ணன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "அம்மா கம்மல்லயும் இப்படித்தான் ஒரு பூ இருக்கும்" என்றாள்.

விஷயம் தெரிந்ததும் குப்பம்மாள் மல்லாட்டையை அள்ளித் திரும்பத் தூக்கில் போடப் போனார். விசாலாட்சி கையைப் பிடித்துத் தடுத்து, அது உங்களுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான் என்றார். அப்படியானால் நானும் உங்களைச் சும்மா அனுப்ப மாட்டேன் என்ற குப்பம்மாள், கருவாட்டுப் பானையைத் தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார். கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் கருவாடா? ஒரு கணம் யோசித்து, மரக்காணத்துக் கல்லுப்பை ஒரு படி அளந்து, அரிபிரசாத் கையிலேயே இருந்த மஞ்சப்பையில் போட்டார். கோயிலுக்கு நீங்களும் வந்தாக வேண்டும் என்று விசாலாட்சி பிடித்த பிடியில், அவரும் பத்தே நிமிடத்தில் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வேன் கிளம்பும்போது தேவா வழக்கம்போலப் பின்சீட்டுக்குப் போனான். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த விசாலாட்சி இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க முன்னாடி குந்துங்க. இன்னிக்கி நீங்கதான் பெரிய மனுசன்."

"பரவால்ல அத்தை, நீங்களே..."

"காலையில சொன்னது என் வாயி. இப்ப சொல்றதும் அதே வாயிதான். இதையும் கேளுங்க."

தேவா ஏறி உட்கார்ந்தான். மன்னிப்பு என்ற வார்த்தை அங்கே யார் வாயிலும் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஸ்கூட்டரில் பின்தொடர்ந்த சின்னபொண்ணு, மாப்பிள்ளை செருப்பைச் சந்தேகப்பட்டதை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டாள். தமிழ்ச்செல்வி மூன்று தடவையும் ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றார்.

இரும்பையில் கோயில் வாசலிலேயே ஆதிநாராயணன் காத்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பக்கத்தில் பத்தர். மணி பத்தே முக்கால். வேன் நின்றதும் நிற்காததுமாக ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மல்லாட்டைப் பைய பத்திரமா எடுத்தாந்தீங்களா? வெறுமனே தின்னு தீத்துடாதீங்க, அதுல ஒண்ணு இருக்குது."

வேன் முழுதும் சிரித்தது. குப்பம்மாள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். என்ன என்று புரியாமல் அவரும் சேர்ந்து சிரித்து, பிறகு பையை வாங்கிக் கையை விட்டார். உப்பு வந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து விசாலாட்சிக்கே இரக்கம் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தோட்டைக் காட்டினார். எல்லாம் கேட்ட பெரியவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். தேவாவிடம் வந்து, நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் தம்பி, வழக்கத்துக்காக உன்னைக் கலங்க வெச்சிட்டேன் என்று அவன் தோளைத் தட்டினார்.

பதினொன்றேகாலுக்கு அஸ்வினி மாமன் மடியில் உட்கார்ந்தாள். வெல்லமும் பொட்டுக்கடலையும் அவள் கையில் கொடுத்தார்கள். பத்தர் முதல் காதைக் குத்தியதும் அவள் போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன. தேவா அவளை மார்போடு அணைத்துக்கொண்டு, தானும் அழுதான். இரண்டாவது காதும் ஆனபின், அழுகைக்கு நடுவிலேயே குழந்தை வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு, புதுத் தோடு மினுங்க, மாமன் மூக்கைப் பிடித்தாள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா கதை. கள்ளனே இல்லாத களவு. கொடுக்க நினைத்த இரண்டு கை ஒன்றையொன்று பார்க்காமல் போனதால் வந்த வினை. உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் காது நிறையப் பொன்னோடு வளரட்டும். மாமன்மார் மடி என்றைக்கும் கௌரவத்தோடு இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வருகிற பாத்திரம் நிறைந்து வரட்டும், உங்கள் வாசலை விட்டுப் போகிற பாத்திரமும் நிறைந்தே போகட்டும். நல்லா இருங்க.